பொய்யைப் படம் பிடிக்க முயலும் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்வாளர்களே,

பொய் சொல்லும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று எஃப்எம்ஆர்ஐ என்னும், மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்பதை இரத்த ஓட்டத்தின் மாற்றத்தைக் கொண்டு படமாகக் காட்டும் ஸ்கேன் கருவியைக் கொண்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறீர்கள். ஆய்வை நிறுத்துங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. அறிய வேண்டிய விஷயம்தான் அது. ஆனால் உங்கள் ஆய்வகத்தில் கிடைக்கும் எண்கள் நீதிமன்றத்தின் வாசலை எட்டும்போது, குற்றமற்றவரைப் பற்றி அவை சொல்லாமல் விட்டது என்ன என்பதை யாரும் உடன் எடுத்துச் செல்வதில்லை. அந்தப் பொறுப்பு உங்களுடையது என்று நம்புகிறேன்.

2005இல் ஃபிராங்க் கோசல் குழு வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்வோம். பங்கேற்றவர்கள் ஒரு மோதிரத்தையோ கைக்கடிகாரத்தையோ திருடுவதுபோல எடுத்து ஒளித்தார்கள். பிறகு ஸ்கேனுக்குள் படுத்தபடி, எதையுமே எடுக்கவில்லை என்று சாதித்தார்கள். யார் எதை எடுத்தார் என்பதை 31 பேரில் 28 பேருக்குக் கணினி சரியாகச் சொன்னது. தொண்ணூறு சதவீதம்! இத்தகைய ஆய்வுகளை நம்பித்தான் நோ லை எம்ஆர்ஐ, செபோஸ் போன்ற நிறுவனங்கள் இதைச் சேவையாக விற்க வந்தன. ஆனால் அந்தச் சோதனையில் எல்லோருமே ஒரு பொருளை எடுத்திருந்தார்கள். கை படாதவர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க, அந்தத் தொண்ணூறு சதவீதம் நிரபராதியைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

அதே குழு 2009இல் இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டது. அதற்காக அவர்களை மதிக்கிறேன். இம்முறை போலிக் குற்றம் செய்தவர்களோடு செய்யாதவர்களும் சோதிக்கப்பட்டார்கள். செய்தவர்கள் 9 பேரும் பிடிபட்டார்கள். செய்யாத 15 பேரில் 5 பேரை மட்டுமே கருவி குற்றமற்றவர் என்றது. மீதிப் பத்துப் பேர்? உண்மையைச் சொல்லியும் பொய்யர்களாகக் காட்டப்பட்டார்கள். முதல் எண் விளம்பரத்துக்கு ஏற்றது. இரண்டாவது எண்ணை ஒவ்வொரு நீதிபதியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது கணக்கில் வந்த கோளாறு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பொய்க்கென்று மூளையில் தனி இடம் கிடையாது. நெற்றிக்குப் பின்னால் நீங்கள் காணும் பகுதிகள், தயங்கும்போதும் ஒரு பதிலை அடக்கி வேறொன்றைச் சொல்லும்போதும் தீவிரமாகச் சிந்திக்கும்போதும் இயங்குபவை. 2009இல் ஜோஷுவா கிரீனும் ஜோசஃப் பாக்ஸ்டனும், ஏமாற்றும்படி யாரையும் ஏவாமல், காசு சுண்டிக் கணிக்கும் ஆட்டத்தில் ஏமாற்ற வாய்ப்பு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏமாற்றியவர்களின் மூளையில், பொய்யைத் தவிர்த்த நேரத்திலும் கட்டுப்பாட்டுப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. அப்போது அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். கொலைப்பழி சுமந்து கருவிக்குள் படுத்திருக்கும் நிரபராதி, தன் ஒவ்வொரு சொல்லையும் எத்தனை முறை எடை போட்டுப் பார்ப்பார்!

உண்மையான குற்றவாளியோ எளிதில் தப்பலாம். 2011இல் ஜார்ஜியோ கேனிஸ் குழு, பங்கேற்றவர்களுக்குச் சிறு தந்திரம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. திரையில் சில தேதிகள் தோன்றும்போது கைவிரலையோ கால்விரலையோ வெளியே தெரியாதபடி மிக இலேசாக அசைக்க வேண்டும், அவ்வளவுதான். நூறு சதவீதமாக இருந்த துல்லியம் 33 சதவீதமாக வீழ்ந்தது. அதுகூடத் தெரியாதவர் தலையைச் சற்று ஆட்டினாலே படம் பாழ். ஆக, மனமுவந்து ஒத்துழைப்பவரை மட்டுமே இந்தக் கருவி சோதிக்க முடியும்.

அமெரிக்காவில் டென்னசியில், மருத்துவக் காப்பீட்டு மோசடி வழக்கில் சிக்கிய உளவியலாளர் ஒருவருக்காக இந்த ஸ்கேன் முன்வைக்கப்பட்டது. ஒரு குற்றச்சாட்டில் அவர் உண்மை பேசுவதாக முடிவு வந்தது. மற்றொன்றில் பொய் என்று வந்தது. களைப்புதான் காரணம் என்று மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள், சாதகமாக வந்தது. 2010இல் நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்தது, 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் உண்மை என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது என்பதைச் சோதித்தவரே ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் விழித்திருந்தது. எல்லா விசாரணை அறைகளும் அப்படி விழித்திருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். குற்றவாளிகளில் எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று எழுதும் அதே வாக்கியத்தில், நிரபராதிகளில் எத்தனை பேர் பொய்யர்களாகக் காட்டப்பட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். அதை அளக்காத ஆய்வில் ‘துல்லியம்’ என்று சொல்லாதீர்கள். தந்திரம் கற்றவர்களைச் சோதிக்காத முறையை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள். ஸ்கேனுக்கு உடன்பட மறுப்பதைக் குற்றத்தின் அடையாளமாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உங்கள் அறிவியல் சங்கங்கள் எழுத்தில் அறிவிக்கட்டும். நிபுணராகச் சாட்சிக் கூண்டில் ஏறும் நாளில், யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல், அந்தப் பத்துப் பேரைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.

மதிப்புடன்,
உங்கள் ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகர்