அரை அங்குல விரிசல்

டிமாயின், அயோவா
அக்டோபர் 20

அன்புள்ள வேலு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி காவிரிக்கரை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் நலம். குளிர் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சோளக்காடு. அறுவடை நேரம் என்பதால் ராத்திரியிலும் லைட் போட்டுக்கொண்டு மெஷின் ஓடுகிறது.

உன் பேத்தி விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். விமான பாகங்களில் என்.டி.டி., அதாவது பொருளை உடைக்காமலே அதில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் நம் சோதனைத் தொழிலில், இங்கே அமெரிக்கா வந்து ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள், உன் மகன் தடுக்கிறான் என்கிறாய். "விமானம் செய்கிறவனிடம் கோடி கோடியாகப் பணம் இருக்கிறது, பாதுகாப்பு அவன் பொறுப்பு, காலேஜில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் எதற்குப் பணம் தர வேண்டும், நாளைக்கே நிறுத்திவிட்டால் இவள் எங்கே போவாள்" என்று அவன் கேட்டதாக எழுதியிருக்கிறாய். நியாயமான கேள்விதான். இதே மாநிலத்தில் நடந்த ஒரு விஷயத்தை வைத்தே பதில் சொல்கிறேன். அவளிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை என்னை சூ சிட்டிக்கு அழைத்துப் போனார். மூன்று மணி நேரக் கார் பயணம். மிசௌரி ஆற்றங்கரையில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ராணுவ உடையில் ஒருவர் ஒரு குழந்தையைக் கைகளில் ஏந்திக்கொண்டு நடக்கிறார். குழந்தையின் கால்கள் தொங்குகின்றன. 1989 ஜூலை 19 அன்று அந்த ஊர் விமான நிலையத்தில் விழுந்து நொறுங்கிய யுனைடெட் 232 விமானத்தின் நினைவுச் சின்னம் அது. டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் பறந்துகொண்டிருந்த டி.சி. 10 என்ற மூன்று எஞ்சின் விமானம். வாலில் இருந்த எஞ்சினில் விசிறி இதழ்களைத் தாங்கிச் சுற்றும் விசிறித் தட்டு நடுவானில் உடைந்து, சிதறிய துண்டுகள் விமானத்தைத் திருப்ப உதவும் எண்ணெய்க் குழாய்களான மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டன. அதன் பிறகு விமானி எதைத் திருப்பினாலும் விமானம் கேட்காது. கேப்டன் ஆல்பிரட் ஹேன்ஸும் அவருடைய குழுவும், பயணியாக வந்திருந்த டெனிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானியும் சேர்ந்து, மற்ற இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே அதை ஓடுதளம் வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்தத் தட்டின் கதைதான் முக்கியம். உடைந்த தட்டு மூன்று மாதம் கிடைக்கவில்லை. அக்டோபரில், இதே போன்ற அறுவடை நாளில், ஆல்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு விவசாயப் பெண்மணிக்குச் சோளத்தட்டைகளுக்கு நடுவே ஏதோ தடுக்கியது. இறங்கிப் பார்த்தால் டைட்டானியத் தட்டு, மண்ணில் பாதி புதைந்து கிடந்தது.

அதை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. 1971இல் உலோகத்தை உருக்கியபோதே நைட்ரஜன் அதிகமாகக் கலந்து கெட்டிப்பட்ட ஒரு சின்ன இடம் உள்ளே தங்கிவிட்டது. கண்ணாடி போல் உடையக்கூடியது. அங்கே தொடங்கிய விரிசல் ஒவ்வொரு முறை விமானம் கிளம்பி இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. 18,000 முறை தாங்கும் என்று அனுமதிக்கப்பட்ட தட்டு 15,503ஆவது முறையில் உடைந்துவிட்டது.

இனிமேல் சொல்வதுதான் நம் தொழில். விபத்துக்கு 760 பறப்புகளுக்கு முன்னால், 1988இல், அந்தத் தட்டை சான்பிரான்சிஸ்கோவில் கழற்றி, விரிசலுக்குள் சாயம் ஊற விட்டுப் பார்க்கும் பெனட்ரன்ட் டெஸ்ட் செய்திருக்கிறார்கள். நாம் சிவப்பு டை அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் போட்டுப் பார்ப்போமே, அதே வேலைதான். அவர்களுடையது ஒளிரும் வகை. இருட்டறையில் பிளாக் லைட் என்ற புற ஊதா விளக்கை அடித்தால் விரிசல் பச்சை மஞ்சளாகக் கோடு காட்டும். அந்த நேரத்தில் விரிசலின் நீளம் கிட்டத்தட்ட அரை அங்குலம் இருந்திருக்கும் என்று விசாரணையில் கணக்கிட்டார்கள். அரை அங்குலம், வேலு! பார்த்தவர் கண்ணில் படவில்லை. தட்டு பாஸ் ஆகி மறுபடி எஞ்சினுக்குள் போய்விட்டது.

இதைப் படித்த அன்று எனக்கு அந்த கிரேன் கொக்கி ஞாபகம் வந்தது. நாம் முதலில் வேலை பார்த்த பாக்டரியில், மழை நாள், இரண்டாவது ஷிப்ட். கழுவிய கொக்கி ஈரத்தோடு என் மேஜைக்கு வந்தது. லோடிங்காரர்கள் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்கள். துணியால் துடைத்தேன், டை அடித்தேன், டெவலப்பர் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை, கையெழுத்துப் போட்டேன். நீ மட்டும் "கழுத்து வளைவு எனக்குப் பிடிக்கலை" என்று சொல்லி, ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் காய வைத்து மறுபடி பண்ணினாய். தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெல்ல மேலே வந்தது. விரிசலுக்குள் தண்ணீர் உட்கார்ந்திருந்தால் டை எங்கே போய் நுழையும்? நீ யாரிடமும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னாய். இத்தனை வருஷமாகியும் அந்தக் கோடு என் கண்ணில் நிற்கிறது.

இப்போது உன் மகன் கேள்விக்கு வருகிறேன். நல்ல ஆள், கெட்ட ஆள் என்று பிரித்தால் இதற்கு விடை கிடைக்காது. எவ்வளவு பெரிய விரிசலை, எந்த நிலைமையில், நூற்றில் எத்தனை பேர் தவறவிடுவார்கள் என்று யாராவது உட்கார்ந்து அளக்க வேண்டும். கம்பெனி அதை அளக்குமா? தன் ஆட்கள் தவறவிடும் கணக்கைத் தானே எடுத்து வெளியே சொல்ல எந்தக் கம்பெனிக்கு மனம் வரும்? ஒருவன் எடுத்தாலும் பக்கத்துக் கம்பெனியோடு பகிர்ந்துகொள்ள மாட்டான். ஆனால் அதே உலோகத்தால் செய்த தட்டு எல்லார் எஞ்சினிலும் சுற்றுகிறது.

அதனால்தான் பொதுப் பணம் வேண்டியிருக்கிறது. டிமாயினிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் ஏம்ஸ் வந்துவிடும். அங்கே அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் என்.டி.டி.க்கென்றே ஒரு ஆய்வு மையம் 1985 முதல் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு, 1993இல், அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எப்.ஏ.ஏ. பணம் கொடுத்து அந்தப் பல்கலைக்கழகத்தையும் ஜெனரல் எலக்ட்ரிக், பிராட் அண்ட் விட்னி, அல்லைடு சிக்னல் என்ற மூன்று எஞ்சின் கம்பெனிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தது. தொழிலில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிறவர்கள்! தட்டாக அடிப்பதற்கு முன்பே டைட்டானியக் கட்டியில் அல்ட்ராசானிக் என்ற காதுக்குக் கேட்காத ஒலி அலை மூலம் அந்தக் கெட்டி இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, ஓடிய தட்டுகளை எப்படிச் சோதிப்பது என்று சேர்ந்து வேலை செய்தார்கள். பெனட்ரன்ட் டெஸ்டையும் அந்தப் பல்கலைக்கழகம் அக்கக்காகப் பிரித்துப் பார்த்தது. எந்த முறையில் சுத்தம் செய்தால், எப்படிக் காய வைத்தால் விரிசல் தெரிகிறது, எப்போது மறைந்துபோகிறது என்று. நீ அன்றைக்கு ஹீட்டர் பக்கத்தில் செய்ததை எண்ணாகவும் அளவாகவும் எழுதி வைத்தார்கள் என்று வைத்துக்கொள். நான் ஈரக் கொக்கியில் கையெழுத்துப் போட்ட காலத்தில் அப்படி ஒரு தாள் என் மேஜையில் இருந்திருந்தால், லோடிங்காரனிடம் அதைக் காட்டி "இரு, காயணும்" என்று சொல்லியிருப்பேன்.

இந்தப் பணம் சும்மா வந்துவிடவில்லை. 1988 ஏப்ரலில் ஹவாயில் அலோஹா விமானத்தின் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்கும். 19 வருஷம் பழைய போயிங் 737. தகடுகள் சேரும் இடத்தில் ஒட்டு விட்டுப்போய், ஆணித் துளைகள் நெடுகச் சின்னச் சின்ன விரிசல்கள் இருந்தன. பணிப்பெண் ஒருவர் வானத்தில் காணாமல் போனார். அதே வருஷம் விமானப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென்று சட்டம் வந்தது. 1990இல் வந்த இன்னொரு சட்டம் பல்கலைக்கழகங்களில் சிறப்பு மையங்கள் வைக்க வழி செய்தது. 1997இல் விமானங்கள் பறக்கத் தகுதியாக இருப்பதை உறுதிசெய்வது பற்றிய மையம் ஒன்றை அயோவா, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகங்கள் முன்னின்று நடத்தத் தொடங்கின. இந்தச் சிறப்பு மையங்களில் ஒரு நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. பொதுவாக அரசு ஒரு டாலர் கொடுத்தால், மத்திய அரசு அல்லாத வேறு இடத்திலிருந்து இன்னொரு டாலரைப் பல்கலைக்கழகம் கொண்டுவர வேண்டும். ஆகவே பல நேரம் கம்பெனிக்காரனும் தன் பங்குக்குப் பணம் போட வேண்டிவரும். இதை உன் மகனிடம் அழுத்திச் சொல்.

கான்சஸில் விச்சிட்டா என்று ஒரு ஊர். விமானத் தொழிலால் பிழைக்கிற ஊர். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில், பல வருஷம் பறந்து ஓய்வுபெற்ற ஒரு 737இன் வால் இறக்கையைப் பிரித்து, துண்டு துண்டாக அறுத்துச் சோதித்தார்கள். அது அலுமினியம் இல்லை, கார்பன் இழைக் கலவை. உள்ளே ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். நன்றாகவே தாங்கியிருந்தது. "ஒன்றும் இல்லை" என்று தெரிந்துகொள்ளவா இத்தனை செலவு என்று சிலர் கேட்கலாம். இன்றைக்கு உடம்பின் பெரும்பகுதியை அந்தக் கலவையால் செய்த விமானங்களில் நாம் ஏறி உட்காருகிறோம். அந்த "ஒன்றும் இல்லை"யை ஒருவர் அறுத்துப் பார்த்துச் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உன் மகன் பயப்படுவதில் ஒரு பாதி சரி. இங்கே பணத்தை வருஷா வருஷம் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்க வேண்டும். ஒரு பெண் முனைவர் பட்டம் வாங்க நாலைந்து வருஷம் ஆகும். பட்ஜெட் அவளுக்காகக் காத்திருக்காது. எனக்கு இதில் கோபமும் உண்டு. அலோஹா கூரை போன பிறகு சட்டம் வந்தது, தட்டு உடைந்த பிறகு டைட்டானியத்துக்குப் பணம் வந்தது. ஆள் செத்த பிறகுதான் கஜானா திறக்க வேண்டுமா? விபத்து இல்லாத பத்து வருஷத்தில்தான் இந்தப் பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும், அந்தப் பத்து வருஷம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால்.

ஆனாலும் அவளைப் போக விடு. கைவேலையை மட்டும் விடக்கூடாது என்று சொல். இங்கே வருவதற்கு முன்னால் ஆறு மாதமாவது ஏதாவது பட்டறையில் நின்று, தன் கையால் டை அடித்து, தன் கையெழுத்தைப் போடட்டும். கையெழுத்துப் போட்ட ராத்திரி எப்படித் தூக்கம் வருகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், நான் தை மாதம் திரும்புகிறேன். உன்னிடம் இருந்த அந்தப் பழைய பத்து மடங்கு லென்ஸ் இன்னும் இருக்கிறதா? பித்தளை வளையம் போட்டது. இருந்தால் தொலைத்துவிடாதே. அவள் கிளம்புகிற அன்று கையில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். கொக்கியின் கதையை நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன்
சண்முகம்