முன்னாள் ராணுவத்தினர் சங்க ஆண்டறிக்கை: குமாரமங்கலத்து ஜெனரலுக்கு நாம எடுத்த ஜூன் 7

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தலைவர் அண்ணா, பொருளாளர், சங்கத்து அண்ணன் தம்பிங்க, நம்ம கூட வேலை பார்த்துட்டு இன்னைக்கு இல்லாதவங்களோட வீட்டுக்கார அக்காமாருங்க, வந்திருக்கிற எல்லாருக்கும். வழக்கமா ஆண்டறிக்கைன்னா பென்ஷன், இசிஹெச்எஸ்ங்கற நம்ம மருத்துவத் திட்டம், கேன்டீன் இந்த மூணுலயே போயிரும். இந்தத் தடவை அதைக் கடைசில சுருக்கமா வச்சுக்கறேன், ஏன்னா இந்த வருஷம் சங்கம் செஞ்சதுல எனக்கு மனசு நிறைஞ்ச காரியம் ஒண்ணு இருக்கு, அதை முழுசா எழுதி வைக்கோணும்.

அது ஆரம்பிச்சது ஜனவரி 14, முன்னாள் ராணுவத்தினருக்கான வெட்டரன்ஸ் டே அன்னைக்கு. பொங்கல் வேலைக்கு நடுவுலயும் நிறைய பேர் வந்திருந்தீங்க. நம்ம ராணுவத்தோட முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஃபீல்ட் மார்ஷல் கரியப்பா 1953ல ரிட்டையர் ஆன தேதி அது, அதனாலதான் அன்னைக்கு வைக்கறாங்கன்னு தலைவர் அண்ணா சொல்லிட்டு இருந்தப்ப, பின்னாடி இருந்து ஒரு தம்பி எந்திரிச்சு "ஏனுங்ணா, அப்ப நம்ம குமாரமங்கலத்து ஜெனரல் எந்தத் தேதில ரிட்டையர் ஆனாருங்க?"ன்னு கேட்டுட்டார். ஒருத்தருக்கும் தெரியலைங்க. பீரங்கிப் படையிலயே 17 வருஷம் இருந்த எனக்கும் தெரியலை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊர் பேரைத் தன் பேர்லயே வச்சுக்கிட்டு இந்திய ராணுவத்தோட தலைமைத் தளபதியா இருந்த மனுஷர், அவரைப் பத்தி நமக்கே தெரியாட்டி வேற யாருக்குத் தெரியும்னு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

தேடிப் பார்த்ததுல கிடைச்சது 1969 ஜூன் 7. மறுநாள் மானெக்‌ஷா பொறுப்பேத்துக்கிட்டார். 1933ல கமிஷன் வாங்கி, அதாவது ஆபீசரா சேர்ந்தவர், ஆக 36 வருஷ சர்வீஸ். செயற்குழுல பேசி, நம்ம சங்கம் அந்த ஜூன் 7ஐ எடுக்கறதுன்னு முடிவு பண்ணினோம். அவர் 2000 மார்ச்லயே காலமாயிட்டார், இருந்தாலும் ரிட்டையர் ஆகிற ஆபீசருக்கு யூனிட்ல என்ன மரியாதை குடுப்போமோ அதைக் குடுக்கோணும்னு எல்லாரும் ஒரே மனசா இருந்தீங்க. படத்துக்கு மாலை போட்டு, சல்யூட் அடிச்சு, அவரோட சர்வீஸை வருஷ வாரியா வாசிச்சு, அப்புறம் படா கானா, அதாவது எல்லாரும் சேர்ந்து சாப்பிடற விருந்து. சமையலை அக்காமாருங்களே எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு சங்கம் சார்பா நன்றிங்க.

அன்னைக்கு வராதவங்களுக்காக, வாசிச்சதுல முக்கியமானதை இங்க பதிஞ்சு வைக்கறேன். பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், 1913 ஜூலை 1ல பிறந்தவர். அப்பா டாக்டர் சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார், 1926ல இருந்து 1930 வரை சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சரா இருந்தவர். தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கச்சி பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போனாங்க, அண்ணன் பிரிட்டிஷ் ராஜா கமிஷன் வாங்கி பீரங்கிப் படைக்குப் போனார், ஒரே வீட்டுல இப்படி. ராஜா கமிஷன் வாங்கின இந்தியர்கள்ல கடைசியா தலைமைத் தளபதி ஆனவரும் அவர்தான்.

இரண்டாம் உலகப் போர்ல வட ஆப்பிரிக்கா. 1942 மே 27, பீர் ஹக்கீம் பக்கத்துல எதிரி டாங்க்குங்க நம்ம இந்திய மோட்டார் பிரிகேடு மேல ஏறி வந்த அன்னைக்கு அவர் காட்டின தைரியத்துக்கு டிஎஸ்ஓங்கற பிரிட்டிஷ் வீர விருது குடுத்தாங்க. நானும் கன்னர்ங்க, அதனால சொல்றேன், வெட்டவெளி பாலைவனத்துல டாங்க் நேரா வர்றப்ப கன்னை விட்டு நகராம நிக்கறது சாதாரணம் இல்லை. அப்புறம் லிபியாவுல பிடிபட்டு இத்தாலி கைதி முகாமுக்குப் போனார், அங்கிருந்து தப்பிச்சார், திரும்பவும் பிடிச்சு ஜெர்மனிக்குக் கொண்டு போயிட்டாங்க. இத்தாலி முகாம்ல அவர் கூட இருந்த கைதிங்கள்ல ஒருத்தர் யாஹ்யா கான். 1966 ஜூன்ல குமாரமங்கலம் நம்ம தலைமைத் தளபதி ஆறார், அதே வருஷம் செப்டம்பர்ல யாஹ்யா கான் பாகிஸ்தான் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதி ஆறார். ஒரே முள்வேலிக்குள்ள கிடந்த ரெண்டு பேர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இந்தப் பக்கம் ஒருத்தர். இதை வாசிச்சப்ப ஹால்ல ஒரு சத்தம் இல்லை.

இவ்வளவு வருஷத்தைக் கைதியா தொலைச்சவர் ஊருக்கு வந்து ஜமீன் நிலத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கலாம், ஆனா திரும்ப யூனிஃபார்மைத்தான் போட்டார். எனக்கு அவர் மேல மரியாதை வந்தது அந்த இடத்துலதாங்க, பதவிக்காக இல்லை. 1962 சீனப் போருக்கு அப்புறம் கிழக்கு கமாண்டைக் கையில எடுத்தார், 1965 போர் சமயத்துல தலைமையகத்துல துணைத் தளபதி.

அவர் தலைமைல இருந்தப்பதான் 1967 செப்டம்பர் 11, சிக்கிம் நாதுலா கணவாய்ல சீனாக்காரன் சுட ஆரம்பிச்சது. நாலு நாள் சண்டை, அக்டோபர் 1ல சோ லா கணவாய்லயும். நம்ம பீரங்கிங்க குடுத்த பதிலடி அங்க பெருசா பேசப்பட்டுது. நம்ம சங்கத்துலயே வயசுல மூத்த அண்ணன் அப்ப சிக்கிம்ல கன் பொசிஷன்ல இருந்தவர், ஜூன் 7 அன்னைக்குத்தான் முதல் தடவையா மைக்ல பேசினார். கை மரத்துப் போகும், ஷெல்லைத் தூக்கறப்ப இரும்பு தோலோட ஒட்டிக்கும்னு சொல்லிட்டு, "அப்ப சீஃப் நம்மூருக்காரர்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலைப்பா, தெரிஞ்சிருந்தா வீட்டுக்கு லெட்டர்ல எழுதியிருப்பேன்"ன்னார். அவர் அதுக்கு மேல பேசலை, உக்காந்துட்டார்.

1970ல அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் குடுத்துது. நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க நிறைய பேருக்கு ஜூன் 7 அன்னைக்குத்தான் அவர் பேரே தெரிஞ்சுது, எட்டாவது படிக்கிற ஒரு பாப்பா வந்து "பீரங்கிப் படையில பொண்ணுங்க சேரலாமுங்களா"ன்னு கேட்டுச்சு. 2023ல இருந்து பெண் ஆபீசருங்க பீரங்கிப் படையில இருக்காங்கன்னு சொன்னேன். அதோட அம்மா நம்பர் வாங்கிட்டுப் போயிருக்காங்க.

மத்த வேலைங்க: ஸ்பர்ஷ்ங்கற ஆன்லைன் பென்ஷன் தளத்துல லைஃப் சர்டிஃபிகேட் போட முடியாம தவிச்ச பெரியவங்களுக்கு நம்ம தம்பிங்க வீட்டுக்கே போய் போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு அக்காமாருங்களோட குடும்பப் பென்ஷன் இன்னும் இழுத்துட்டு இருக்கு, அதை நான் விடலை, திரும்ப எழுதியிருக்கேன். கொடி நாள் வசூலை முழுசா கட்டியாச்சு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயற்குழு சார்பா ஒரு தீர்மானம் வைக்கறேன்: ஜூன் 7 வருஷா வருஷம் நம்ம சங்கத்துல நடக்கோணும், வர்ற வருஷம் குமாரமங்கலம் ஊருக்குள்ளயே வைக்கோணும், அந்த மூத்த அண்ணனை அழைச்சுட்டுப் போக வண்டி ஏற்பாடு பண்ணோணும். வண்டிக்கு ஒருத்தர் இப்பவே பேர் குடுத்துட்டார். மீதிப் பேருங்க கூட்டம் முடிஞ்சதும் எங்கிட்ட சொல்லுங்க, நோட்டுல எழுதிக்கறேன்.

இப்படிக்கு,
செயலாளர்