கைரேகையை மாற்றிக்கொள்ள முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கைப்பேசிச் செயலிகள் கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் படிக்காமலேயே சம்மதம் தெரிவித்துவிடுவது நம் அன்றாடப் பழக்கமாகிவிட்டது. அதே பழக்கத்தோடுதான் அரசு அலுவலகத்தின் கைரேகைக் கருவியிலும் விரலை வைக்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிடிக்காத செயலியை நீக்கிவிடலாம். ஓய்வூதியத்துக்கோ மருத்துவ உதவிக்கோ விண்ணப்பிப்பவருக்கு விவரம் தர மறுக்கும் வாய்ப்பே இல்லை என்பதால், இங்கே அரசின் பொறுப்பு எந்தத் தனியார் நிறுவனத்தின் பொறுப்பையும்விடப் பெரியது.

2007இல் பிரிட்டனின் வருவாய்த் துறை, குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 2.5 கோடிப் பேரின் விவரங்கள் அடங்கிய இரண்டு குறுவட்டுகளைத் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பும் வழியில் தொலைத்தது. எவரும் கணினிக்குள் ஊடுருவவில்லை. அந்த அலுவலகம் வங்கி விவரங்கள் தேவையில்லை என்று தெரிவித்திருந்தும், அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவைத் தவிர்ப்பதற்காக முழுத் தொகுப்பும் அனுப்பப்பட்டது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தில் 2015இல் வெளிப்பட்ட ஊடுருவலிலோ 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவுபோயின. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம்; அவர்கள் எதை மாற்றிக்கொள்வார்கள்?

எஸ்டோனியாவில், தம்மைப் பற்றிய பதிவுகளை எந்த அரசுத் துறை எப்போது பார்த்தது என்பதைக் குடிமக்கள் அரசின் இணையவாசலிலேயே பெருமளவு அறிந்துகொள்ள முடிகிறது. நம்மிடம் விவரம் கேட்கும் ஒவ்வோர் அரசும் இவ்வசதியைத் தர வேண்டும். தேவைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது. தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்