போகார்ட்ஸ் ஒப்பந்தம் பற்றிய கட்டண நிகழ்ச்சி: பிழை திருத்தமும் பணமும் கோரிப் புகார்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர்,
சான் டியேகோ, கலிஃபோர்னியா.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தமிழ் விளையாட்டு ஒளிபரப்புச் சேவை.

பொருள்: பாட்ரேஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் ஒப்பந்தம் குறித்த சிறப்பு நிகழ்ச்சியில் உள்ள தகவல் பிழைகள், விளம்பரத்தில் சொன்னதைத் தராதது, செலுத்திய கட்டணத்தைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அமெரிக்க பேஸ்பாலைத் தமிழில் கேட்க வேறு வழி அதிகம் இல்லாததால் தங்கள் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டி வருகிறேன். ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நின்று பந்தைத் தடுக்கும் இடத்தில் ஆடும் ஸாண்டர் போகார்ட்ஸை எங்கள் ஊர் பாட்ரேஸ் அணி எடுத்தது சரியா என்று அலசும் சிறப்பு நிகழ்ச்சிக்குச் சந்தாவுக்கு மேல் தனிக் கட்டணம் வாங்கினீர்கள். ‘ஒரு மணி நேர முழு அலசல், எண்களோடு’ என்பது உங்கள் விளம்பரத்தில் இருந்த வாசகம். வந்ததோ இருவர் மாற்றி மாற்றிப் போட்ட சத்தம், நடுநடுவே விளம்பரம், முடிவில் போகார்ட்ஸின் படத்துக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில் ‘படுதோல்வி’ என்ற முத்திரை.

அந்த ஒப்பந்தத்தைக் குறை சொல்ல நிறையவே இடம் இருக்கிறது. எனக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் நீங்கள் குறை சொன்ன இடங்களில் குறை இல்லை, குறை இருந்த இடத்தை நீங்கள் தொடவே இல்லை. காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்ததுதான் என் புகார்.

முதல் பிழை பணக் கணக்கில். 2022 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம் 11 ஆண்டுக்கு 28 கோடி டாலர். ‘நாற்பது வயதிலும் ஆடுவார் என்று நம்பி 11 ஆண்டு கொடுத்த முட்டாள்தனம்’ என்று உங்கள் தொகுப்பாளர் சிரித்தார். போகார்ட்ஸ் 1992 அக்டோபரில் பிறந்தவர். ஒப்பந்தம் முடியும் 2033-இல் அவருக்கு 41 வயது ஆகும். அந்த வயதில் ஷார்ட்ஸ்டாப்பில் நின்று ஆடுவார் என்று அணியில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆண்டுகளை நீட்டியதற்குக் காரணம் லக்சுரி டாக்ஸ், அதாவது சம்பளச் செலவு ஒரு வரம்பைத் தாண்டும் அணிக்குப் போடும் வரி. அந்த வரிக்கு மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 28 கோடியை 11-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.55 கோடி. இதே தொகையை 7 ஆண்டில் கொடுத்திருந்தால் ஆண்டுக்கு 4 கோடி கணக்கில் ஏறியிருக்கும். 2023-இல் வரி வரம்பு 23.3 கோடி. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக வரம்பைத் தாண்டும் அணிக்கு, தாண்டிய தொகையில் பாதியை வரியாகப் போடுவார்கள். பாட்ரேஸ் அந்த நிலையில்தான் இருந்தது. கடைசி ஆண்டுகளின் சுமையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு முதல் ஆண்டுகளில் வரியைக் குறைக்கிற கணக்கு அது. அந்தக் கணக்கு பிடிக்கவில்லை என்று ஒருவர் வாதிடலாம். அப்படி ஒரு கணக்கு இருந்ததையே சொல்லாமல் வயதை வைத்துச் சிரிப்பதை எப்படி அலசல் என்று விற்கிறீர்கள்?

இரண்டாவது பிழை இதைவிட மோசம். ‘ஷார்ட்ஸ்டாப்பே இல்லாமல் தவித்த அணி’ என்றார் உங்கள் விருந்தினர். தொகுப்பாளரும் ஆமாம் என்று தலையாட்டினார். 2022-இல் அந்த இடத்தில் கிம் ஹா-சியோங் ஆடினார். ஃபெர்னாண்டோ டாட்டீஸ் ஜூனியர் காயத்தாலும், பிறகு ஊக்கமருந்துத் தடையாலும் அந்த ஆண்டு முழுவதும் வெளியே இருந்தபோது அணியைத் தாங்கியவர் அவர். அந்தப் பருவத்தில் பாட்ரேஸ் டாட்ஜர்ஸை வீழ்த்தி உலகத் தொடருக்கு முந்தைய கட்டமான நேஷனல் லீக் இறுதித் தொடர்வரை போனது. ஷார்ட்ஸ்டாப்பில் சிறந்த ஃபீல்டிங்குக்குத் தரும் கோல்ட் கிளவ் விருதின் இறுதிப் பட்டியலில் கிம்மின் பெயரும் இருந்தது.

என் மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது. கிம் இருக்கும் இடத்துக்கு போகார்ட்ஸ் வந்ததால் கிம் செகண்ட் பேஸுக்குப் போனார். அங்கே நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஜேக் குரோனன்வொர்த் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனார். ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவரிடம் எல்லா அணியும் எதிர்பார்ப்பது ஹோம் ரன், அதாவது பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது. 2023-இல் குரோனன்வொர்த் அடித்தது 10. பேட்டிங் சராசரி .229, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 229 ஹிட். செகண்ட் பேஸில் சொத்தாக இருந்தவர் ஃபர்ஸ்ட் பேஸில் சுமையாகிவிட்டார். ஒருவரை எடுத்ததால் இரண்டு பேரின் மதிப்பு மாறியது. ஒப்பந்தத்தின் உண்மையான விலையில் இதையும் சேர்க்க வேண்டும். உங்கள் ஒரு மணி நேரத்தில் குரோனன்வொர்த் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

மூன்றாவது, 2024 பிப்ரவரியில் போகார்ட்ஸ் செகண்ட் பேஸுக்கு மாறியதை ‘அவமானம்’ என்றீர்கள். நான் பாட்ரேஸின் மைதானமான பெட்கோ பார்க்கில் தேர்ட் பேஸ் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவன். தேர்ட் பேஸுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவே உருண்டு வரும் பந்தை அங்கிருந்து பாருங்கள். வலது பக்கம் ஓடி, உடம்பைக் குறுக்கே நீட்டி கையுறையில் வாங்கி, வலது காலை மண்ணில் ஊன்றி, மைதானத்தின் குறுக்கே ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய வேண்டும். ஓடுகிறவர் நான்கு நொடி சொச்சத்தில் அங்கே போய்விடுவார். போகார்ட்ஸ் பந்தைச் சுத்தமாக எடுப்பார். எறியும்போது மட்டும் ஒரு சிறு அடி கூடுதலாக வைப்பார். கிம் அந்த அடி வைக்க மாட்டார், நின்ற வாக்கிலேயே விடுவார். செகண்ட் பேஸிலிருந்து எறியும் தூரம் குறைவு என்பதால் அந்த ஒரு அடியால் அங்கே கேடில்லை. சிறந்த பேட்டிங்குக்கான சில்வர் ஸ்லக்கர் விருதை ஐந்து முறை வாங்கிய, பாஸ்டனில் இரண்டு உலகத் தொடர் வென்ற ஒருவர், ‘அணிக்கு எது நல்லதோ அப்படியே’ என்று இடம் மாறிக்கொண்டார். அவமானம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

அதன் பிறகு நடந்ததையும் விட்டுவிட்டீர்கள். 2024 மே மாதம் அட்லாண்டாவில் பந்துக்குப் பாய்ந்து விழுந்ததில் போகார்ட்ஸின் இடது தோளில் எலும்பு முறிந்தது. ஆகஸ்டில் டென்வரில், ஷார்ட்ஸ்டாப்புக்குத் திரும்பியிருந்த கிம்முக்குத் தோளில் காயம். அதற்குள் திரும்பி வந்திருந்த போகார்ட்ஸ்தான் மறுபடி ஷார்ட்ஸ்டாப்பில் நின்றார். அந்தப் பருவம் பாட்ரேஸ் 93 ஆட்டம் வென்றது. கிம் டாம்பா பேக்குப் போனபின் 2025-இலும் அந்த இடம் போகார்ட்ஸுக்கே. ‘இனி அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார்’ என்று உங்கள் விருந்தினர் அடித்துச் சொன்னார். நிகழ்ச்சி வெளியான தேதியைப் பார்த்தால், அவர் அப்படிச் சொன்னபோது போகார்ட்ஸ் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார்.

2023 தோல்வியை முழுக்க இந்த ஒப்பந்தத்தின் தலையில் கட்டியதும் அநியாயம். அந்த ஆண்டு அணி 82 வெற்றி, 80 தோல்வி. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. கூடுதல் இன்னிங்ஸ் போன ஆட்டங்களில் வென்றது 2, தோற்றது 12. போகார்ட்ஸ் 155 ஆட்டம் ஆடி .285 சராசரியும் 19 ஹோம் ரன்னும் எடுத்தார். அடுத்த இரண்டு பருவங்களில் அது .264, .263 என்று இறங்கியது உண்மை, எனக்கும் அதில் கவலை உண்டு. ஆனால் இரண்டு பருவ இறக்கத்தை எடுத்து வந்து அதற்கு முன் நடந்த தோல்விக்குக் காரணம் காட்டக் கூடாது.

கையெழுத்துப் போட்ட நாளில் இந்த ஊர் எப்படி இருந்தது என்பதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சார்ஜர்ஸ் 2017-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போன பிறகு சான் டியேகோவுக்கு மிஞ்சிய பெரிய அணி பாட்ரேஸ் ஒன்றுதான். 1984, 1998 என இரண்டு முறை உலகத் தொடர் வரை போய் வெறுங்கையோடு திரும்பிய அணி. உரிமையாளர் பீட்டர் சைட்லர் இந்த ஊருக்கு ஒரு கோப்பை வேண்டும் என்று கைநிறையச் செலவழித்தார். 2023 நவம்பரில் அவர் காலமானார். அடுத்த மாதமே அணியின் நட்சத்திர பேட்டர் வான் சோட்டோ நியூயார்க்குக்குப் போனார். உள்ளூர் டிவி ஒப்பந்தமும் அந்த ஆண்டு மே மாதமே முறிந்துபோயிருந்தது. பணம் தாராளமாக இருந்தபோது எடுத்த முடிவின் பாரம், பணம் இறுகிய காலத்தில் வந்து விழுந்தது. ‘கிம் இருக்கும்போது இந்தப் பணத்தைப் பந்துவீச்சுக்கோ ஃபர்ஸ்ட் பேஸுக்கோ போட்டிருக்க வேண்டாமா’ என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. என் பதில், ஆமாம், போட்டிருக்க வேண்டும் என்பதே. மறு தரப்பில் நிற்பவரிடமும் வலுவான பதில் இருக்கிறது: கிம், போகார்ட்ஸ் இருவரும் காயப்பட்ட 2024-இல் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அணி என்ன ஆகியிருக்கும்? இந்த இரண்டு தரப்பையும் கேட்கத்தான் நான் பணம் கட்டினேன்.

இன்னொரு ஷார்ட்ஸ்டாப்பான கோரி சீகரோடு ஒப்பிட்டதிலும் அரைகுறை. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை 10 ஆண்டுக்கு 32.5 கோடி டாலருக்கு எடுத்ததையும், 2023 உலகத் தொடரில் அவர் சிறந்த ஆட்டக்காரர் ஆனதையும் சொன்னீர்கள். கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 27, போகார்ட்ஸுக்கு 30 என்பதைச் சொல்லவில்லை. அதே ரேஞ்சர்ஸ் 2000 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு 25.2 கோடி கொடுத்தது. அவர் அங்கே ஆடிய மூன்று ஆண்டும் மலை மலையாக ஹோம் ரன் அடித்தார், அணி மூன்று ஆண்டும் தன் பிரிவில் கடைசி இடம். அந்த உதாரணத்தை எடுத்திருந்தால், ஆட்டக்காரர் தோற்றாரா, அவரைச் சுற்றி அணியைக் கட்டத் தெரியாதவர்கள் தோற்றார்களா என்ற நல்ல விவாதம் கிடைத்திருக்கும்.

இதையெல்லாம் நிமிடக் குறிப்போடு தங்கள் உதவி மையத்துக்கு முன்பே எழுதினேன். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற ஆயத்தப் பதிலும், அடுத்த கட்டண நிகழ்ச்சிக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பனும் வந்தன. நான் எழுதியது கருத்து அல்ல. கிம் ஷார்ட்ஸ்டாப்பில் ஆடினார் என்பது பதிவேட்டில் இருக்கும் உண்மை.

எனவே, சிறப்பு நிகழ்ச்சிக்கு நான் கட்டிய தொகையை இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் செலுத்திய அட்டைக்கே திருப்பி அனுப்புங்கள், கூப்பன் வேண்டாம். கிம் பற்றியும் வரிக் கணக்கு பற்றியும் சொன்ன பிழைகளைத் திருத்தி நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். அதுவரை அதைப் புதிய சந்தாதாரர்களுக்கு விற்பதை நிறுத்துங்கள். பதில் வராவிட்டால் அட்டை வழங்கிய வங்கியில் இந்தத் தொகையை மறுத்துப் புகார் பதிவேன், ஆண்டு முடிவில் சந்தாவையும் புதுப்பிக்க மாட்டேன்.

கட்டண ரசீதும், பிழைகள் வரும் இடங்களின் நிமிடக் குறிப்பும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
சான் டியேகோ.