செல்விக்கு, வேப்பூரிலிருந்து

அன்புள்ள செல்வி,

தீபாவளிக்கு நீ போன் செய்தபோது கொல்லையில் நின்றேன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தவள்தான். கோபப்படாதே. இங்கே எல்லோரும் சுகம், அத்தைக்குத்தான் முட்டிவலி. புதுச்சேரி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே?

போன வருஷம் உளுந்து கருகியதைச் சொல்லி அழுதேனே, நினைவிருக்கிறதா? மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி கேட்டதும் கடையில் அட்ரசினைத் தூக்கிக் கொடுத்தார்கள். நடுவில் உளுந்து இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மக்காச்சோளத்தை அது ஒன்றும் செய்யாது. உளுந்துக்கும் சாரணைக் களைக்கும் அதற்கு என்ன வித்தியாசம்? இலை ஓரம் மஞ்சளாகிக் காகிதம்போல் காய்ந்துவிட்டது.

இந்த வருஷம் மருந்தே இல்லை. புரட்டாசி மழையில் மக்காச்சோளம் இரண்டடிக்கு ஒரு சால், நடுவில் ஒரு சால் உளுந்து. மக்காச்சோளத்தில் ஒரு செடிகூடக் குறைக்கவில்லை. உளுந்து விதையை ஆறிய கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்து நிழலில் உலர்த்தினேன். 20-ஆம் நாள் ஒரு தடவை கையால் களை எடுத்தேன், அவ்வளவுதான். 35-ஆம் நாள் போய்ப் பார்த்தால் மண்ணே தெரியவில்லையடி! இலையை விலக்கினால் அடியில் சாரணை வெளுத்து, நூலாக நீண்டு கிடக்கிறது. கோரைதான் அடங்கவில்லை, கிழங்கிலிருந்து வருகிறதே. ஒரு உளுந்துச் செடியைப் பிடுங்கினேன். வேரெல்லாம் கடுகு கடுகாய் முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அப்படி இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிறது என்று அர்த்தம். அதில் பெரும்பங்கு உளுந்துக்கே போய்விடும், மிச்சம் வேரும் இலையும் மட்கி அடுத்த பயிருக்கு. அதனால் மக்காச்சோளத்துக்கு உரத்தை நான் குறைக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் உன் அண்ணன் அடுத்த வருஷம் உளுந்தே வேண்டாம் என்கிறார். களையெடுக்கும் பவர் வீடர் மெஷின் உள்ளே போகாதாம், காய் பறிக்க ஆள் கிடைக்காதாம். பொய்யில்லை. நானும் அத்தையும் நாலு நாள் குனிந்து பறித்தோம், முதுகு இன்னும் நிமிரவில்லை. ஆனால் 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்றபோது கொல்லையில் கையில் எடுக்க வேறு ஒன்றுமே இல்லை. அந்த பயம் எனக்குப் போகவில்லை. ராத்திரி தூக்கத்திலும் அதுதான் வருகிறது.

நீ சொன்னால் அவர் கேட்பார். தை பிறந்ததும் கதிர் ஒடிக்கிறோம், பொங்கலுக்குப் பிள்ளைகளோடு வா. நாலு படி உளுந்து உனக்கென்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
கலா