முட்டைக்குள்ளிருந்தே கேட்டுப் பழகிய குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கடற்பறவைகள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆயிரக்கணக்கான பறவைகள் போடும் அர்த்தமற்ற இரைச்சலுக்கு நடுவிலும் தாய்ப்பறவை தன் குஞ்சை உள்ளுணர்வால் கண்டுகொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அர்த்தமற்ற, உள்ளுணர்வு ஆகிய இரண்டு சொற்களுமே இங்கே பொருந்தவில்லை. பல பத்தாண்டுகளாகக் குளிரிலும் காற்றிலும் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்தவர்கள் கண்டறிந்ததெல்லாம் அந்த இரண்டு சொற்களுக்கு அடியில் மறைந்துவிடுகிறது.

கிங் பென்குயினை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கூடு கிடையாது. ஒற்றை முட்டையைக் காலின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, பெற்றோர் இருவரும் மாறி மாறி அடைகாக்கின்றன. குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டும் கடலுக்கு இரை தேடப் போய்விடும். தனித்து நிற்கும் குஞ்சுகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். எல்லாம் ஒரே பழுப்பு நிறம், ஒரே உருவம். இரையோடு திரும்பும் தாயோ தந்தையோ, கடைசியாக ஊட்டிய இடத்துப் பக்கம் நடந்து வந்து, நின்று, கழுத்தை நிமிர்த்திக் கூவுகிறது. சுற்றிலும் மற்ற பறவைகளும் அதையேதான் செய்துகொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு குஞ்சு மட்டும் பதில் குரல் கொடுத்தபடி ஓடி வருகிறது. வேறு குஞ்சு வாய் திறந்து நின்றால் கொத்துதான் கிடைக்கும்.

தெற்கு இந்தியப் பெருங்கடலிலுள்ள குரோசே தீவுகளில் தியெரி ஒபான், பியர் ஜுவாந்தன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெற்றோரின் குரலைப் பதிவு செய்து, வேற்றுப் பறவைகளின் குரல்களோடு கலந்து, ஒலிபெருக்கி வழியாகக் குஞ்சுக்குப் போட்டுக் காட்டினார்கள். 1998இல் வெளியான முடிவு இது: பெற்றோரின் குரல் சுற்றியுள்ள இரைச்சலைவிட 6 டெசிபல் தாழ்ந்திருந்தாலும் குஞ்சு அதைப் பிரித்தறிகிறது. 6 டெசிபல் தாழ்வு என்றால், இரைச்சலின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் அந்தக் குரலுக்கு. முழுக் கூவலும் வேண்டியதில்லை. முதல் அசையில் பாதி, சுமார் 0.23 விநாடி கேட்டாலே குஞ்சுக்குப் போதும். நாம் ஒருவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்கே அதைவிட நேரமாகும்.

அப்படிப்பட்ட கூட்டத்தின் ஒலிப்பதிவு ஒன்றை நானும் காதில் கருவி மாட்டிக்கொண்டு பல முறை கேட்டிருக்கிறேன். ஒரு குரலைக்கூட என்னால் பிரிக்க முடியவில்லை. இரைச்சல் என்று நீங்கள் எழுதியது அதனால் எனக்குப் புரிகிறது. ஆனால் அது நம் காதின் எல்லை, அந்தப் பறவைகளுடையது அல்ல.

அந்தக் குரலில் அப்படி என்னதான் இருக்கிறது? பறவையின் குரல் உறுப்பு, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. இரண்டு கிளையும் தனித்தனியே ஒலி எழுப்பக்கூடியவை. கிங் பென்குயினும் எம்பரர் பென்குயினும் ஒரே நேரத்தில், சற்றே வேறுபட்ட இரண்டு அதிர்வெண்களில் கூவுகின்றன. இரண்டும் கலக்கும்போது ஒலி ஏறி இறங்கித் துடிக்கிறது. பள்ளி இயற்பியலில் விம்மல்கள் என்று படித்தோமே, அதேதான். இந்தத் துடிப்பு பறவைக்குப் பறவை மாறுகிறது. எம்பரர் பென்குயினின் பதிவிலிருந்து இரண்டு குரல்களில் ஒன்றை மட்டும் நீக்கிவிட்டுப் போட்டுக் காட்டியபோது பறவைகள் திரும்பிப் பார்க்கவில்லை. அண்டார்டிக் குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் முட்டையைக் காலில் சுமந்து நிற்கும் ஆண் பறவையை, கடலிலிருந்து திரும்பும் பெண் தேடிக் கண்டுபிடிப்பது இந்தத் துடிப்பை வைத்துத்தான். ஆண்கள் குளிருக்கு ஒட்டி நின்று நகர்ந்துகொண்டே இருப்பதால், போன இடத்துக்கே வந்தால் துணை அங்கே நிற்கும் என்று நம்ப முடியாது.

அதே பென்குயின் குடும்பத்தில் அடேலியும் ஜென்டூவும் கூழாங்கல் கூடு கட்டுபவை. அவற்றுக்குத் திரும்பி வர ஒரு முகவரி இருக்கிறது. அவையும் குரலால்தான் உறுதி செய்துகொள்கின்றன, ஆனால் குரலின் உயரமும் தன்மையும் போதுமானதாக இருக்கிறது. இரட்டைக் குரல் நுணுக்கமெல்லாம் அங்கே இல்லை. கூடு உள்ளவர்களுக்கு எளிய குரல், கூடு இல்லாதவர்களுக்கு நுட்பமான குரல். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்போம். தன் குஞ்சு எது என்றே தெரியாத பறவையும் உண்டு. கிட்டிவேக் என்ற சிறிய கடற்காகம் செங்குத்தான பாறை முகத்தில், கால் வைக்கும் அளவு விளிம்பில் கூடு கட்டுகிறது. அதன் குஞ்சு நகர்ந்தால் கடலில் விழும், ஆகவே நகர்வதில்லை. கூட்டில் இருப்பது தன் குஞ்சாகத்தான் இருக்க முடியும். எஸ்தர் கல்லன் என்ற ஆய்வாளர் 1957இல் எழுதினார்: வேற்றுக் குஞ்சை மாற்றி வைத்தாலும் கிட்டிவேக் அதையும் வளர்க்கிறது. தரையில் கூடு கட்டும் மற்றக் கடற்காகங்களின் குஞ்சுகளோ சில நாட்களிலேயே அங்குமிங்கும் ஓடத் தொடங்கிவிடும், அதற்குள் பெற்றோர் அவற்றை அடையாளம் கண்டுவைத்திருக்கும். தாய்மைக்கே உரிய உள்ளுணர்வு என்றால் கிட்டிவேக்குக்கு மட்டும் அது எப்படி இல்லாமல் போகும்? இத்தனைக்கும் அதன் காதில் குறையில்லை. தன் துணை கூட்டுக்கு வந்து இறங்கும்போது எழுப்பும் குரலை அது சரியாக அடையாளம் காண்கிறது.

ஆலா என்ற கடற்பறவைகளையும் சொல்ல வேண்டும். நான்கு நாள் வயதான ஆலாக் குஞ்சே பெற்றோரின் குரலைப் பிரித்தறிந்து எழுந்து வருகிறது. மற்ற ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பறந்தாலும் அது அசையாமல் இருக்கும். ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் போன்ற பாறைத் தீவுகளில் பல்லாயிரக்கணக்கில் கூடும் கேனட் பறவைகளும் துணையின் இறங்கு குரலுக்கு மட்டும் தலை நிமிர்த்துகின்றன. சரி, எல்லாமே குரல்தான் என்றும் சொல்லிவிட முடியாது. வளைகளில் வாழ்ந்து, இரவில் மட்டும் கரைக்கு வரும் அண்டார்டிக் பிரையன் என்ற கடற்பறவை தன் துணையை வாசனையாலும் அறிகிறது என்று 2004இல் தெரியவந்தது.

இவற்றையெல்லாம்விட என்னை நெகிழவைப்பது கில்லிமாட் என்ற கடற்பறவை. அதற்கும் கூடு இல்லை. வெறும் பாறை விளிம்பில் ஒற்றை முட்டை. நெருக்கமான இடங்களில் ஒரு சதுர மீட்டரில் இருபது ஜோடிகள் வரை தோளோடு தோள் உரச நிற்கும். முட்டைகளின் நிறமும் கீறல்களும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை, அதை வைத்தே தன் முட்டையை அடையாளம் காண்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியாட் சான்ஸ் நார்வேயின் வடக்குக் கடற்கரைத் தீவுகளில் இந்தப் பறவைகளோடு பல ஆண்டுகள் செலவிட்டவர். ஓடு உடையத் தொடங்கும் நாட்களில் உள்ளேயிருந்து குஞ்சு கத்துவதையும், பெற்றோர் குனிந்து பதில் சொல்வதையும் அவர் கவனித்தார். பிறகு, கருவியில் வைத்துப் பொரிக்கும் முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கில்லிமாட்டின் குரலை ஒலிக்க விட்டார். பொரிந்த குஞ்சுகள், முன்பின் கேட்காத குரலை விட்டுவிட்டு, முட்டைக்குள் கேட்ட குரலை நோக்கிப் போயின. 1968இல் அவர் இதை வெளியிட்டார். கூவும் விதம் பிறவியிலேயே வருவது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எது தன் பெற்றோரின் குரல் என்பதை அந்தக் குஞ்சு ஓட்டுக்குள் இருந்தபடியே படித்துத் தெரிந்துகொள்கிறது. இதை உள்ளுணர்வு என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் அது படித்த பாடம் எதற்கு உதவுகிறது என்று பாருங்கள். மூன்று வாரம் ஆனதும், இன்னும் பறக்கத் தெரியாத அந்தக் குஞ்சு, பொழுது சாயும் நேரத்தில் பாறை விளிம்பிலிருந்து கடலை நோக்கிக் குதிக்கிறது. அரையிருட்டில் ஒரே நேரத்தில் நிறையக் குஞ்சுகள் குதிக்கும். கீழே தண்ணீரில் பெரியவர்கள் கூவிக்கொண்டிருப்பார்கள். குஞ்சு கத்த, ஒரு குரல் பதில் தர, இரண்டும் அலைகளுக்கு நடுவில் சேர்ந்து ஆழ்கடல் பக்கம் நீந்திப் போய்விடும். அந்தக் குரலைத் தவறவிட்ட குஞ்சுக்கு அங்கே உணவு தர வேறு யாரும் இல்லை.

இதனால்தான் உங்களிடம் இன்னொரு திருத்தமும் கேட்கிறேன். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், கடலில் ஒரு பெரிய கில்லிமாட்டும் அதன் அருகே ஒட்டி நீந்தும் குஞ்சும் இருக்கும் அழகான படம் வந்திருந்தது. அதன் கீழே ‘தாயும் சேயும்’ என்று போட்டிருந்தீர்கள். குஞ்சு குதித்த பிறகு அதைக் கூட்டிக்கொண்டு போய், வாரக்கணக்கில் கடலில் இரை ஊட்டி வளர்ப்பது தந்தைப் பறவை. அடுத்த இதழில் ‘தந்தையும் சேயும்’ என்று ஒரு வரி திருத்தம் போட முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்