லினக்ஸ் பைனரி வெளியிடும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 30 கணினிகள், எல்லாமே டெபியன் 11 என்ற லினக்ஸ் வெளியீடு. ஒரு பேராசிரியர் கேட்ட மென்பொருள் டெபியன் களஞ்சியத்தில் இருந்தது, ஆனால் பழைய பதிப்பு. பாடத்துக்குப் புதியது வேண்டும் என்றார். சரி என்று, அதை உருவாக்கியவர்களின் தளத்தில் ‘லினக்ஸ் 64 பிட்’ என்று போட்டிருந்த பைனரியை (கம்பைல் செய்து முடித்த, நேரே ஓடும் கோப்பை) இறக்கி ஓட்டினேன். ஜிலிப்சி 2.34 இல்லை என்று ஒரு வரி வந்தது, நின்றுவிட்டது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்.

டெபியன் 11-ல் இருப்பது 2.31. அப்படி எந்தப் புது வசதிக்காக 2.34 கேட்கிறது என்று ஆப்ஜ்டம்ப் (பைனரிக்குள் இருப்பதைக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தேன். நிரலைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன், த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) உருவாக்கும் ஃபங்ஷன், அவ்வளவுதான்! 2021 ஆகஸ்டில் வந்த 2.34-ல், தனியாக இருந்த த்ரெட் நூலகத்தை முதன்மை நூலகத்தோடு சேர்த்தார்கள். அந்தப் பதிப்பில் இவை இரண்டுக்கும் 2.34 என்று புதுப் பதிப்பு முத்திரை விழுந்தது. அதனால் 2.35 உள்ள உபுண்டு 22.04-ல் வழக்கம்போல் கம்பைல் செய்தால், ‘வணக்கம்’ என்று மட்டும் அச்சிடும் சி நிரல்கூட எங்கள் ஆய்வகத்தில் ஓடாது.

பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. களஞ்சியப் பொதிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அந்தந்த வெளியீட்டின் நூலகத்தோடு சேர்த்துத்தானே கட்டுகிறார்கள். நீங்கள் ஒரே கோப்பை எல்லோருக்கும் தருகிறீர்கள். அப்படியானால் ஜிலிப்சி 2.28 உள்ள அல்மாலினக்ஸ் 8 என்ற லினக்ஸின் கன்டெய்னரில் (உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் சூழலில்) கட்டுங்கள். பைதான்காரர்கள், பல லினக்ஸ்களில் ஓடவேண்டிய பொதிகளுக்கு மெனிலினக்ஸ்2014 என்று ஒரு வரையறை வகுத்து, பழைய லினக்ஸான சென்ட்ஓஎஸ் 7-ன் 2.17-ஐயே அடித்தளமாக வைத்தார்கள். பழையதை விடத்தான் வேண்டுமென்றால் சொல்லிவிட்டு விடுங்கள். 2022-ல் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ் 18 வந்தபோது, 2.28 தேவை என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள். அது மரியாதை.

ஆல்பைன் என்ற லினக்ஸையும் மறக்காதீர்கள். அங்கே ஜிலிப்சி கிடையாது, மசில் என்ற வேறு சி நூலகம்தான். உங்கள் பைனரி கண்ணெதிரே இருக்கும், ஷெல்லோ ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லும். அதற்குக் கிடைக்காதது பைனரி அல்ல, பைனரியை நூலகங்களோடு சேர்த்து ஓடவைக்கும் லோடர்தான் என்பது புதிதாகக் கற்கும் மாணவனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், மறையாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லை உள்ளேயே கட்டி அனுப்பினால், நான் ஓட்டும் ஆப்ட் அப்கிரேட் (டெபியனின் புதுப்பிப்புக் கட்டளை) அதைத் தொடாது. அதில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் மறுவெளியீடு போடுவது உங்கள் பொறுப்பு.

சோதித்துப் பார்க்கப் பழைய கணினி இல்லையென்றால் சொல்லுங்கள். என்னிடம் 30 இருக்கின்றன, வகுப்பு முடிந்த மாலைகளில் நானே ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.